சினையாகுபெயரால் எழுதப்படும் இசை வரலாறு

'தலைக்குப் பத்து ரூபாய்' என்னும்போது தலை என்ற உறுப்பின் பெயர் முழு ஆளைக் குறிக்கிறது. பள்ளி இலக்கணம் இதைச் சினையாகுபெயர் என்று கற்பிக்கிறது. கருநாடக இசை பற்றிய ஆய்வேடுகளில் 'இன்னாருடைய கச்சேரி' என்று எழுதப்படுவதும் இதே வகையைச் சேர்ந்தது. மேடையில் ஐந்து பேரோ எட்டுப் பேரோ இருந்திருப்பார்கள், பெயர் ஒருவருடையது. பேச்சு வழக்கில் இதில் பிழையில்லை. ஆகுபெயரை இயற்பெயராக எடுத்துக்கொண்டு, தலை மட்டுமே ஆள் என்று வரலாறு எழுதும்போதுதான் பிழை தொடங்குகிறது. அந்தப் பிழை இன்று துறையின் வழக்கமாகிவிட்டது.

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையைப் பற்றி எழுதப்படுபவற்றைப் பாருங்கள். 1898இல் பிறந்தவர், காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையின் மாணவர், 1954இல் சங்கீத கலாநிதி, திருப்பதியில் வேங்கடேசுவர இசைக்கல்லூரியிலும் யாழ்ப்பாணத்தில் இராமநாதன் இசைக்கல்லூரியிலும் தலைமைப் பொறுப்பு வகித்தவர், மதுரை சோமுவின் குரு. எல்லாம் உண்மை. இவற்றோடு தவறாமல் ஒரு தொடரும் சேர்க்கப்படும்: குருவின் லய வழியை அப்படியே காத்தவர். எந்த லய வழி? அது யாருடையது? இந்த இரண்டு கேள்விகளும் எழுவதேயில்லை.

நாயனாப் பிள்ளையின் கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என வரிசையாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் கணக்கோடு பல்லவியில் இறங்குவார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிராவும் மன்னார்குடி பக்கிரியா பிள்ளையின் கொன்னக்கோலும் ஒலித்த மேடை அது. தட்சிணாமூர்த்தி பிள்ளை, கஞ்சிராவுக்குக் கச்சேரியில் இடம் தேடித் தந்த மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். அதாவது நாயனாப் பிள்ளையின் மேடைக்குள் காஞ்சியின் வழி மட்டும் இயங்கவில்லை. புதுக்கோட்டையின் தாளக் கல்வியும் இயங்கியது. அந்தக் கணக்கு வழக்குகளை நாயனாப் பிள்ளை ஒருவரின் தனிச்சொத்தாக எழுதி, பிறகு அதைச் சித்தூராருக்கு மரபுரிமையாக மாற்றித் தருவது வரலாறாகாது. பட்டா மாற்றல்தான் ஆகும்.

'ஃபுல் பெஞ்ச்' என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்கவேண்டும். அது நீதிமன்றத்திலிருந்து வந்த சொல். முழு அமர்வில் இருக்கும் ஒவ்வொரு நீதிபதிக்கும் சமமான வாக்கு உண்டு. மாறுபட்ட கருத்தைக்கூட எழுதியவர் பெயரோடு பதிவுசெய்வார்கள். ரசிகர்கள் அந்தச் சொல்லைத் தேர்ந்தபோது, மேடையில் பலர் சமமாக வாதிடுவதைக் காதால் கேட்டே தேர்ந்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுலகம் சொல்லை வைத்துக்கொண்டு பொருளைக் கைவிட்டது. அதன் இடத்தில் 'பக்கவாத்தியம்' என்ற சொல்லே ஆட்சி செய்கிறது. பக்கம் என்று ஒன்றைச் சொன்னால் நடு என்று ஒன்று முன்னரே முடிவாகிவிடுகிறது. அமரும் இடத்தைக் காட்டிய சொல் தகுதியைக் காட்டும் சொல்லாக மாறியதைச் சொற்பொருளியல் படித்தவர்களும் கேள்வி கேட்காமல் தம் ஆய்வேடுகளில் கையாளுகிறார்கள்.

மேற்கின் ராக் இசை ரசிகர்கள் இந்த வகையில் எவ்வளவோ மேல். 1968இல் இங்கிலாந்தில் தொடங்கிய டீப் பர்ப்பிள் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். எல்லா அணிகளிலும் தொடர்ந்தவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பேய்ஸ் ஒருவரே. ரசிகர்கள் ஒவ்வொரு அணிக்கும் மார்க் ஒன்று, மார்க் இரண்டு என எண்ணிட்டு, எந்தப் பாட்டு எந்த அணியின் ஒலி என்று விவாதிக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேஸ் கிட்டார் வாசித்துவரும் டாரில் ஜோன்ஸ் முறைப்படி உறுப்பினராக்கப்படவில்லை. அங்கும் நடுவும் பக்கமும் இருக்கின்றன. ஆனால் அந்த அநீதி விவாதிக்கப்படுகிறது. இங்கு விவாதத்துக்கே பெயர்ப்பட்டியல் இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ரசிகர் செய்யும் வேலையைப் பட்டம் பெற்றவர்கள் செய்யவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

இதற்கு உடனே எழும் மறுப்பு ஒன்றுண்டு: ராக் குழு சேர்ந்து ஒத்திகை பார்த்து ஊர் ஊராகச் செல்லும் நிலையான குழு, கச்சேரியோ சபாவோ தேவஸ்தானமோ அழைக்கும் நாளில் கூடிக் கலையும் அமைப்பு, எனவே ஒப்பீடு பொருந்தாது. மறுப்பின் முதற்பாதி சரி. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு நேர்மாறானது. நிலையான குழுவில் அணி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். கச்சேரியில் மேடைக்கு மேடை மாறும். ஒத்திகையின்றி ஒரே மாலையில் உருவாகும் இசையில், உடன் இருப்பவர் யார் என்பது எத்தனை மடங்கு முக்கியமானது! சித்தூரில் ஒரு மிருதங்கமும் திருப்பதியில் வேறொரு மிருதங்கமும் அமைந்தால், ஒரே பாடகர் ஒரே பல்லவியைப் பாடினாலும் இரண்டும் ஒரே நிகழ்வாகா.

இரண்டாவது மறுப்பு, இராகத்தையும் உருப்படியையும் தேர்வது பாடகரே என்பது. தேர்பவர் அவர்தான். ஆனால் தேர்ந்தது நிறைவேறுவது எதிரே இருப்பவரின் கையில். சிக்கலான நடையில் கற்பனைச்சுரம் பாடத் துணியும் பாடகர், அந்தக் கணக்கை உடனே பிடித்துக்கொள்ளும் கை பக்கத்தில் இருக்கிறது என்ற துணிவில்தான் பாடுகிறார். துணிவு தந்தவரை விட்டுவிட்டுத் துணிவை மட்டும் எழுதுவது பாதி உண்மை.

நாயனாப் பிள்ளை 1934இல் மறைந்தார். அவர் குரல் இசைத்தட்டில் கிடைக்கவில்லை. அவரது இசையை அறிய இன்று இரண்டே வழிகள்: அவரிடம் கற்றவர்களின் இசை, அவரோடு வாசித்தவர்களின் வழிமரபு. முதல் வழியில் ஆய்வாளர் கூட்டம் அலைமோதுகிறது. இரண்டாம் வழியில் கால்தடமே அரிது. குரு–சீடர் மரம் வரைவதில் உள்ள ஆர்வம் மேலிருந்து கீழே இறங்கும் கோடுகளோடு நின்றுவிடுகிறது. மேடையில் ஒருவரையொருவர் வளர்த்த கிடைக்கோடுகளை வரைய எவருக்கும் பொறுமையில்லை.

இந்த அலட்சியம் யாரை மறைக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். சங்கீத கலாநிதி விருது மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. 1936இல் மறைந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையின் தலைமுறைக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க வித்வான்கள் உண்டு. மணி ஐயரும் நெடுங்காலம் அப்படி இருந்து, பின்னர் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அணி என்பதில் யார் அமர்ந்தார் என்பதோடு யார் அமர மறுத்தார் என்பதும் அடங்கும். சாதியும் பாலினமும் கச்சேரிக்குள் எப்படி இயங்கின என்று கருத்தரங்குகளில் உரக்கப் பேசுகிறவர்கள், அதற்கான முதல் ஆவணமான மேடைப் பட்டியலைத் தொகுக்காமல் பேசுகிறார்கள்.

கடைசியாகத் தம்புரா. கச்சேரி தொடங்கியது முதல் மங்களம் வரை ஓயாமல் ஒலித்த கருவி அது. மீட்டியவரின் பெயர் அழைப்பிதழில் வருவது அரிது. பின்பு அவர் இருந்த இடத்தில் மின் சுருதிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. ஓர் அணியிலிருந்து ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டு ஒரு பெட்டி நியமிக்கப்பட்டது. கச்சேரி வரலாறுகளில் அதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை.

செய்யவேண்டியது கடினமானதன்று. பதிவுகளைப் பட்டியலிடும் ஆவணக் காப்பகம், மேடையில் இருந்த அனைவரின் பெயரையும் நாள், இடத்தோடு ஒரே எழுத்தளவில் குறிக்கட்டும். ஒரு பாடகரைப் பற்றி ஆய்வேடு எழுதுபவரிடம், அவரோடு வாசித்தோர் பற்றி ஓர் இயலை நெறியாளர் கேட்கட்டும். இயலாவிட்டால் தலைப்பில் 'கச்சேரி' என்ற சொல்லை நீக்கி 'குரல்' என்று போட்டுக்கொள்ளட்டும். திருப்பதியின் இசைக்கல்லூரியும் பல்கலைக்கழகங்களும் தம் மண்ணிலிருந்தே தொடங்கலாம்: பிரம்மோற்சவ மேடைகளில் பாடியோருடன் வாசித்தவர்கள் யார் யார் என்பதை அழைப்பிதழ்களிலிருந்தும், எஞ்சியிருக்கும் முதியவர்களின் நினைவிலிருந்தும் தொகுக்கலாம். அழைப்பிதழ் காத்திருக்கும், முதியவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 1953 வரை சென்னையோடு இருந்து பின் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பெயர் ஒன்றே என்பதால் அந்த நிலப்பரப்பு மாறவேயில்லை என்று எழுதும் நிலவியல் மாணவருக்கு எவரும் பட்டம் தருவதில்லை. இசைத்துறை மட்டும் தருகிறது.