அலுவிகாரையில் இறங்குங்கள்

கண்டியிலிருந்து தம்புள்ளைக்கு ஓடும் சுற்றுலா வான்கள் மாத்தளை தாண்டியதும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் தவறாமல் நிற்கின்றன. ஏலக்காய் எண்ணெய்க்கு ஒரு மணி நேரம், அருகிலுள்ள பாறைக்குகை விகாரையான அலுவிகாரைக்குப் பத்து நிமிடம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த மறைநூலான பாளி திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இந்தப் பாறைகளுக்கிடையில்தான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதத் தெரிந்த பிக்குகளைக் கொண்டுபோய்விடுமோ என்ற பயம்தான் காரணம். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையும் சுவடிகளும் அழிந்தன. இன்றும் அங்கே ஓலையில் எழுத்தாணியால் கீறிக் காட்டுகிறார்கள். முதலில் ஓலையில் ஒன்றுமே தெரியாது. கரியெண்ணெய் பூசித் துடைத்ததும் எழுத்து கறுப்பாக எழும். நம் பாட்டன்மாரின் சாதகக் குறிப்புகளும் இப்படி எழுதப்பட்டவைதாம்! அலுவிகாரையிலிருந்து தெற்கே மூன்று கிலோமீற்றரில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். வடக்கே போனால் நாலந்தா கெடிகே, பல்லவச் சாயலில் ஒரு பௌத்தக் கற்கோயில். மகாவலித் திட்ட நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து மறுபடி கட்டியது. மூன்றையும் பார்க்க ஒரு பகல் போதும். வான் சாரதியிடம் மட்டும் புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும்.