தாய்ப்பலகையும் தந்தையின் சேமிப்பும்

'விரலுக்குத் தக்க வீக்கம்' என்பது நம் முன்னோர் வாய்மொழி. இக்காலத்துக் கணினிக்கும் அது பொருந்துமென்பதை அண்மையில் நேரிற் கண்டோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மைந்தனுடன் நம்மை நாடி வந்தார். மைந்தன் பல்கலைக்கழக மாணவன். பிளெண்டர் என்னும் மென்பொருளைக் கொண்டு அசைவுப்படம் ஆக்குவதில் ஆர்வமுடையவன். வேலை விரைவில் முடியவேண்டுமென்று, தந்தையாரின் பணிக்கொடைப் பணத்திலே இரண்டு கிராபிக்ஸ் கார்ட்டுகளை வாங்கிக் கணினியிற் பூட்டினான். ஓர் அட்டை 16 பாதைகளுடனும் மற்றது 4 பாதைகளுடனும் இயங்கக் கண்டான். நினைத்த அளவு வேகமும் வரவில்லை. செயலி, தாய்ப்பலகை இரண்டையும் மாற்றினாலன்றி வழியில்லை என்று கடைக்காரர் கூறிவிட்டார்.

"மகளுக்கென்று வைத்திருக்கும் பணத்திலே கைவைக்கலாமா, ஐயா?" என்று அவர் கேட்டபொழுது நமக்கு மனம் இளகியது.

பாதை என்றால் யாது? செயலிக்கும் அட்டைக்கும் இடையே தரவு சென்றுவரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே அது. நான்காந் தலைமுறையில் ஒரு பாதை ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 2 கிகாபைற் கொண்டு செல்லும்; 16 பாதைகள் ஏறத்தாழ 32 கிகாபைற் கொண்டு செல்லும்.

இப்பாதைகளின் தொகையைத் தீர்மானிப்பது செயலி. அவற்றைத் துளைகளுக்குப் பங்கிடுவது தாய்ப்பலகை. 2022ஆம் ஆண்டு வெளிவந்த ரைசன் 7000 வரிசையின் மேசைக்கணினிச் செயலிகளில் 28 பாதைகள் உள. அவற்றுள் 16 மாத்திரமே கிராபிக்ஸ் கார்ட்டுகளுக்கென ஒதுக்கப்பட்டவை. நல்ல பலகைகள் சில இப்பதினாறையும் எட்டெட்டாகப் பிரித்து இரு துளைகளுக்கு வழங்கும். மலிவான பலகைகள் பலவோ முதல் துளைக்கே யாவற்றையும் அளித்து, இரண்டாவதனைத் துணைச்சில்லின் வழியே நான்கு பாதைகளுடன் விட்டுவிடும். நம் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே. துளையின் நீளத்தைக் கண்டு ஏமாறலாகாது. பலகையின் கைந்நூலை வாங்குமுன் படித்தல் வேண்டும்.

நான்கு அட்டைகளை முழுப் பாதைகளுடன் பூட்ட விரும்புவோருக்கு வேறு செயலிகள் உள. 2023இல் வந்த திரெட்ரிப்பர் புரோ 7000 வரிசை 128 பாதைகளும், அதே ஆண்டின் சியோன் டபிள்யூ-3400 வரிசை 112 பாதைகளும் உடையன. அவற்றின் விலையோ நடுத்தரக் குடும்பத்தைத் தள்ளாடச் செய்யும்.

ஆதலின் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, 'என்ன வேலைக்கு?' என்பதே. செயற்கை நுண்ணறிவு மாதிரியொன்றைப் பல அட்டைகளிற் பகிர்ந்து பயிற்றுவிக்கும்போது அட்டைகள் ஓயாது ஒன்றோடொன்று பேசும். அங்கே பாதைகள் மிக வேண்டும். அசைவுப்படம் வரைவதிலோ காட்சி ஒருமுறை அட்டையினுள் ஏறியபின் பெரும்பாலான கணிப்பு அதனுள்ளேயே நடைபெறும். எட்டுப் பாதைகள் தாராளமாகப் போதும். 24 கிகாபைற் அட்டைகள் இரண்டு சேர்ந்து 48 ஆகிவிடும் என எண்ணுவதும் தவறு. காட்சி முழுவதும் ஒவ்வோர் அட்டையிலும் அடங்கவேண்டும்.

அப்படியாயின் வேகம் குறைந்தது ஏன்? கணினியைத் திறந்து பார்த்தோம். அட்டைகள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. மேலட்டைக்கு மூச்சுவிட இடமில்லை. சூடேறிய அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏ.டி.எக்ஸ். பலகையில் இடங்கள் ஏழு. மூவிட அகலமுள்ள அட்டைகள் இரண்டு ஆறு இடங்களைக் கொள்ளும். எஞ்சும் ஓரிடம் அவற்றின் நடுவே அமையுமாறு துளைகள் இருத்தல் நன்று.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற அட்டையொன்று 450 உவாற்று வரை உண்ணும். இரண்டு அட்டைகளுக்கு 900 உவாற்று. அதன்மேற் செயலியின் பங்கு வேறு. அவற்றுக்கு 1,000 உவாற்று மின்வழங்கி போதாது. அறையிலே மின்னழுத்தியொன்று ஓயாது சுட்டுக்கொண்டிருப்பதற்கு இது ஒப்பாகும். காற்றோட்டமும் வேண்டும், மின்கட்டணத்துக்குப் பணமும் வேண்டும்.

"தம்பி, செயலி இருக்கட்டும். எட்டெட்டாகப் பிரிப்பதும், துளைகளிடையே இடைவெளி மிகுந்ததுமான தாய்ப்பலகை ஒன்றை மாத்திரம் மாற்றி வாங்கு" என்றோம். கடைக்காரரும் பழைய பலகையை ஏற்றுக்கொண்டு, விலை வித்தியாசத்தை மட்டும் பெற்றுக்கொண்டார். மகளின் பணம் வங்கியிலேயே இருக்கின்றது.

வேலையை முதலில் நிச்சயித்து, அதற்கேற்ற அட்டையைத் தெரிந்து, அவ்வட்டைகளைத் தாங்கும் பலகையையும் செயலியையும் பின்னர் நாடுக. இவ்வரிசை தலைகீழாயின் நட்டம் பெற்றோருக்கே. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.