திறக்கப்படாத கடிதங்களும் தடுக்கக்கூடிய சாவுகளும்

எம்மவரின் சாவீடுகளில் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் ஒரு வாசகம் உண்டு: "அந்த வருத்தம்தான்." புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிக்கவே நாம் கூசுகின்றோம். பெயர் சொல்லப்படாத நோயைப் பிள்ளைகள் அறியார், உடன்பிறந்தோர் அறியார். இந்த மௌனத்துக்கு நாம் கொடுக்கும் விலை யாது?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது. 97 இலட்சம் பேர் உயிரிழந்தனர். நுரையீரல் புற்றுநோய் 25 இலட்சம் பேரைப் பற்றி, 18 இலட்சம் பேரைப் பலிகொண்டு இரு பட்டியல்களிலும் முதலிடம் பெற்றது. 23 இலட்சம் பேருக்கு ஏற்பட்ட மார்பகப் புற்றுநோயோ, 6 இலட்சத்து 70 ஆயிரம் சாவுகளுடன் சாவுப் பட்டியலில் நான்காம் இடத்திலேயே நின்றது. கணையப் புற்றுநோய் 5 இலட்சத்துச் சொச்சம் பேருக்கே ஏற்பட்டது. ஆனால் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர்.

ஆகவே, அதிகம் ஏற்படும் புற்றுநோயும் அதிகம் கொல்லும் புற்றுநோயும் ஒன்றல்ல. கணையத்தில் நோய் நெடுங்காலம் வெளித்தெரியாமல் மறைந்திருக்கும். ஆனால் மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் ஆகியவற்றில் எப்போது கண்டறிகின்றோம் என்பதே பெரும்பாலும் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கின்றது. மிக வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகின்றது. 71 பேரில் ஒருவரே அதனால் இறக்கின்றார். வளர்ச்சி குன்றிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்கே கண்டறியப்பட்டும், 48 பேரில் ஒருவர் இறக்கின்றார். காலம் கடந்து கண்டறிதலும் தரமான சிகிச்சை கிட்டாமையுமே இதற்குக் காரணம்.

பிரித்தானியாவில் வாழும் நமக்கு அந்த வாய்ப்பு வாசற்படிவரை வருகின்றது. இங்கிலாந்தில் 25 முதல் 64 வயதுவரையான பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை, 50 வயதிலிருந்து 71 வயதை எட்டும்வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை, 50 முதல் 74 வயதுவரையான இருபாலாருக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை வீட்டிலேயே மலமாதிரி எடுத்தனுப்பும் பெருங்குடல் பரிசோதனை ஆகியன இலவசம். ஆயினும் இவற்றில் பங்கெடுப்போரின் விகிதம் தெற்காசியச் சமூகங்களில் குறைவாகவே உள்ளது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, நான் ஏன் போக வேண்டும்?" என்கிறார் அம்மா. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்காகவே இப்பரிசோதனைகள் என்பதை அவருக்கு யாரும் தமிழில் எடுத்துரைக்கவில்லை. ஆங்கிலக் கடிதம் மின்கட்டணப் பட்டியல்களுக்கிடையே கிடக்கின்றது.

பெற்றோருக்கு இன்னொரு கடிதமும் வரும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசிக்குப் பாடசாலை அனுப்பும் ஒப்புதல் கடிதம் அது. பாலுறவால் தொற்றும் கிருமி என்றதும் சில பெற்றோர் தயங்குகின்றனர். இத்தடுப்பூசி 2008 முதல் இங்கு சிறுமியருக்கும், 2019 முதல் சிறுவருக்கும் போடப்படுகின்றது. 12, 13 வயதில் இத்தடுப்பூசி வழங்கப்பட்ட இங்கிலாந்துப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. தடுப்பூசிக்கு ஒப்பமிடுவது பிள்ளையின் ஒழுக்கம் பற்றிய தீர்ப்பன்று. அது அவளின் உயிருக்கான காப்பு.

நாம் உடன் கொண்டுவந்த வழக்கங்களையும் மறைத்தலாகாது. இலங்கையில் ஆண்களிடையே முதன்மையாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலையோடு மெல்லும் பாக்கு, புகையிலை சேராவிடினும், புற்றுநோய்க் காரணியே என அந்த ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது. மங்கலத் தட்டில் வெற்றிலை இருக்கட்டும். நாளாந்தம் வாயில் அடக்கும் பழக்கம் வேண்டாம்.

பரிசோதனை எல்லா நோயையும் கண்டுவிடாது. கட்டியோ, ஆறாத புண்ணோ, மலத்தில் குருதியோ கண்டால் அடுத்த கடிதத்துக்காகக் காத்திராது குடும்ப மருத்துவரிடம் செல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இளையோரே, இன்று மாலை வீட்டிலுள்ள கடிதக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். அழைப்பு இருந்தால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நாள் குறித்து உடன் செல்லுங்கள். பெற்றோரே, குடும்பத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் பெயர் சொல்லிக் கூறுங்கள். அவர்களின் மருத்துவர் ஒருநாள் அதைக் கேட்பார். அன்று அவர்களிடம் பதில் இருக்க வேண்டும்.