செமினார் போதும் என்ற நம்பிக்கை

உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மாதங்களில் மலையகத்தின் எந்த நகரத்துக்குப் போனாலும் ஒரு பதாகை கண்ணில் படும்: தோட்டப்புற மாணவர்களுக்கான இலவசக் கருத்தரங்கு. மக்கள் வாயில் அது செமினார். தொழிற்சங்கம் நடத்தும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் நடத்துவார்கள், வெளிநாட்டில் குடியேறியவர்கள் பணம் அனுப்பி நடத்துவிப்பார்கள், தேர்தல் வருடமென்றால் வேட்பாளரும் நடத்துவார். மாதிரி வினாத்தாள், மதியத்துக்குச் சோற்றுப் பொதி, உன்னால் முடியும் என்று ஓர் உரை, கடைசியில் பொன்னாடை. பாடத்தின் பெயரைவிட அனுசரணையாளரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நடத்துபவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. அவர்களுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையில்தான் ஐயம். தோட்டத்துப் பிள்ளைக்கு மூளை இருக்கிறது, ஆனால் ஊக்கமில்லை, வழிகாட்ட ஆளில்லை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சூழல் படிப்பை மதிப்பதில்லை. ஆகவே ஊக்கத்தையும் வழிகாட்டலையும் நாம் கொடுத்தால் மற்றது தானே நடக்கும் என்பது அந்த நம்பிக்கை. மேடையில் பேசுபவரும், அதிபரும், பத்திரிகையும், சில வேளை பெற்றோரும் இதையே சொல்கிறார்கள். இது பிழையான நம்பிக்கை. கல்வி அமைச்சு தர வேண்டியதைத் தராமலிருக்க வசதி செய்து கொடுப்பதும் இதுவே.

கித்துல்கலையை எடுத்துக்கொள்வோம். களனி கங்கையில் படகு விடும் இடமென்றும் ‘குவாய் நதிப் பாலம்’ படம் பிடித்த இடமென்றும் வெளியார் அறிந்த ஊர். கேகாலை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தெஹியோவிட்ட கல்வி வலயத்தில் இருக்கிறது. நுவரெலியாவைப் போல மலை முழுக்க ஒரே தேயிலை, ஊர் முழுக்கத் தமிழ் என்ற நிலை இங்கே இல்லை. றப்பரும் தேயிலையுமாகச் சிறிய தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. மாவட்டத்தில் தமிழர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்தச் சிதறலின் விளைவைப் பாடசாலையில் பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் குறைவு என்பதால் பாடசாலை சிறியது. பாடசாலை சிறியது என்பதால் ஆசிரியர் ஆளணி குறைவு. ஆளணி குறைவு என்பதால் வகுப்புகள் ஐந்தோடோ பதினொன்றோடோ நின்றுவிடுகின்றன. பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் மூன்றையும் தமிழில் கற்பிக்கும் உயர்தர வகுப்பு நடந்து போகும் தூரத்தில் கிடையாது. வேண்டுமென்றால் மலையேறி ஹட்டன் பக்கம் போய்ப் போர்டிங்கில் தங்க வேண்டும். இல்லையென்றால் கிடைக்கும் கலைப் பாடங்களை எடுக்க வேண்டும். அப்பிள்ளைக்கு ஊக்கம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இந்த இடத்தில் எழவில்லை. பொறியியலாளராக வேண்டுமென்ற ஆசை மலையளவு இருந்தாலும் உட்கார்ந்து படிக்க வகுப்பில்லை.

இந்த நிலை தற்செயலாக வந்ததல்ல. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட உரிமையாளரின் கையில் விட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் தெரிந்தால் கொழுந்து பறிக்க ஆள் வராது என்பதுதான் துரைமாரின் கணக்கு. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாட்டுப்புறப் பிள்ளைகள் ஏறிப்போக மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. தோட்டப் பாடசாலைகள் அந்த ஏணிக்கு வெளியே நின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத்து மக்களுக்குத் தமக்காகப் பேச வாக்கும் இல்லாமல் போயிற்று. அரசு அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களில்தான். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கிடைத்த ஏணியின் கீழ்ப்படிகளை இங்கே அப்போதுதான் செய்யத் தொடங்கினார்கள். அதன் மேல்படி, அதாவது தமிழ் மொழி விஞ்ஞானப் பிரிவு, கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சபரகமுவ மாகாணத் தோட்டங்களுக்கு இன்றுவரை ஒழுங்காக வந்து சேரவில்லை. 1978இன் அரசியலமைப்பு தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை உறுப்புரை 21இல் தருகிறது. கித்துல்கலையில் அந்த உரிமை பதினோராம் தரத்தோடு களைத்துப்போய் நின்றுவிடுகிறது.

செமினார் நம்பிக்கையின் முதல் பிழை காலத்தைப் பற்றியது. பல்கலைக்கழகத்துக்கான தெரிவு உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் நடப்பதாக அது நினைக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது ஆறாம் தரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆறிலிருந்து பதினொன்று வரை தொடர்ந்து இருந்தால்தான் சாதாரண தரத்தில் அந்தப் பாடங்களில் திறமைச் சித்தி வரும். அது வந்தால்தான் விஞ்ஞானப் பிரிவுக்குள் கால் வைக்கலாம். அந்த ஆசிரியர்களைப் பற்றி அரசு எப்படி யோசித்தது என்பதற்கு 2014இல் தொடங்கிய நியமனமே சாட்சி. தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்ப மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுக்கத் தீர்மானித்தார்கள். எடுத்தது ஆசிரியர்களாக அல்ல, ஆசிரிய உதவியாளர்களாக. உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்களும் யுவதிகளும் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவோடு வகுப்பறைக்குள் அனுப்பப்பட்டார்கள். போராடிய பிறகு அது 10,000 ஆனது. பயிற்சியை முடித்து நிரந்தர ஆசிரியர் சேவைக்குள் வர வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பல பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்ததே அவர்கள்தான். ஆனால் அவர்களில் பலர் கலைப் பிரிவில் படித்தவர்கள், ஏனென்றால் அவர்கள் படித்த காலத்திலும் விஞ்ஞான வகுப்பு இருக்கவில்லை. இல்லாத வகுப்பு இல்லாத ஆசிரியரை உருவாக்க, அந்த இல்லாத ஆசிரியர் மறுபடி இல்லாத வகுப்பை உருவாக்குகிறார். ஒரு சனிக்கிழமைக் கருத்தரங்கு இந்த வட்டத்தின் எந்தப் புள்ளியில் வெட்டுகிறது?

இரண்டாவது பிழை எண்ணிக்கையைப் பற்றியது. அண்மைய ஆண்டுகளில் உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறார்கள். அனுமதி கிடைப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. பின்தங்கியவை என்ற பட்டியலில் 16 மாவட்டங்கள். நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. கித்துல்கலையிலிருந்து மலையேறும் பஸ்ஸில் கினிகத்தேனைக்குப் போனால் நுவரெலியா மாவட்டம் வந்துவிடும். அங்கே படிக்கும் தோட்டத்துப் பிள்ளை பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளை. இங்கே அதே கொழுந்து, அதே லயம், அதைவிட மோசமான பாடசாலை. ஆனால் இந்தப் பிள்ளை கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலைகளின் மாணவர்களோடு ஒரே வரிசையில் நின்று இசட் புள்ளியால் அளக்கப்படுகிறது. இரத்தினபுரி பட்டியலில் இருப்பதாலும் அங்குள்ள தோட்டங்களுக்குப் பெரிய நன்மை இல்லை. சலுகை மாவட்டத்துக்குப் போகிறது. மாவட்டத்துக்குள் அதை அள்ளிக்கொள்வது நகரப் பாடசாலை. நுவரெலியாவில் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் அங்குள்ள குறைந்த வெட்டுப்புள்ளியைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்ற முறைப்பாடு பழையது. அதுவும் இதே கோளாறின் இன்னொரு முகம். இடங்கள் வரையறுக்கப்பட்ட ஒரு போட்டியில் எல்லோருக்கும் ஊக்கம் கொடுத்தால் வெட்டுப்புள்ளி உயருமே தவிர இடம் கூடாது. அதிலும் கேகாலை நகரத்துப் பிள்ளைக்குச் செமினார் வாரத்துக்கு மூன்று. நம் பிள்ளைக்கு வருடத்துக்கு ஒன்று.

இத்தகைய ஆயத்தத் திட்டங்களை உலகம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய அப்வர்ட் பவுண்ட், வறிய குடும்பங்களின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் திட்டம். செமினாரைவிட எவ்வளவோ ஆழமானது. வருடம் முழுவதும் வகுப்பு, கோடையில் கல்லூரி வளாகத்திலேயே தங்கிப் படிப்பு. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்த தேசிய ஆய்வின் இறுதி அறிக்கை 2009இல் வந்தது: ஒட்டுமொத்தமாகக் கல்லூரியில் சேர்வோர் வீதத்தில் திட்டத்தின் விளைவு தென்படவில்லை. அந்தக் கணக்கீட்டை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பட்டம் பெறுவோம் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் வந்த மாணவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. பார்த்தீர்களா, ஊக்கம் வேலை செய்கிறதே என்று செமினார்க்காரர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். நியாயமான வாதம், நான் அறிந்தவற்றில் அவருக்குச் சாதகமான வலுவான சான்றும் இதுதான். ஆனால் அது எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விரும்பிப் போனால் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் ஏராளம். அங்கே ஆசை பிறந்தால் அதற்கு ஓர் இடம் காத்திருக்கிறது. இலங்கையில் ஆசை பிறந்த பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி காத்திருக்கிறது, அதற்கும் முன்னால் வகுப்பில்லாத பாடசாலை.

கடலுக்கு அந்தப் பக்கத்து உதாரணம் இன்னும் தெளிவானது. தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கு நீட் தேர்வு கட்டாயமான பிறகு, அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ஒன்றியம்தோறும் நானூறுக்கு மேற்பட்ட இலவசப் பயிற்சி மையங்களை அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களின் தொகை ஒற்றை இலக்கத்தில் நின்றது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே முந்நூறுக்கு மேற்பட்டோர் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். ஒரே ஆண்டில் அந்தப் பிள்ளைகளின் ஊக்கம் ஐம்பது மடங்கு கூடிவிட்டதா? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அங்கே பிள்ளைகள் விஞ்ஞான வகுப்பில் இருந்தார்கள், இடம்தான் மறிக்கப்பட்டிருந்தது. இங்கே இரண்டும் மறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒதுக்கீடு மட்டும் கேட்பவர்களோடும் நான் முழுக்க உடன்படவில்லை. வகுப்பில்லாத இடத்துக்கு ஒதுக்கீடு கொடுத்தால் அதை நிரப்ப ஆளிருக்காது.

லயத்திலிருந்து போனவர்களும் இருக்கிறார்களே, அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது என்பது மேடைகளில் தவறாமல் கேட்கும் வாதம். போனவர்களைக் கூட்டிவந்து மாலை போட்டுப் பேச வைப்பதே அதற்காகத்தான். ஆனால் போன ஒருவரை மட்டும் பார்த்தால், அதே அளவு உழைத்தும் போக முடியாதவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அந்த ஒருவருக்கு ஹட்டனில் தங்க ஒரு மாமா வீடு இருந்திருக்கும், அல்லது இடமாற்றம் வராத ஒரு கணித ஆசிரியர் இருந்திருப்பார். வெற்றிக் கதையில் இவை வருவதில்லை. கதை கேட்ட பிள்ளை கடைசியில் குற்றத்தைத் தன் மீதே போட்டுக்கொள்கிறது: அண்ணனால் முடிந்தது, எனக்குத்தான் முயற்சி போதவில்லை.

பெற்றோருக்கு அக்கறையில்லை என்பது அடுத்தது. தேயிலைத் தோட்டத்தின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல். 2024இல் 1,350 ஆனது. இந்த அளவுச் சம்பளத்தில், றப்பர் பால் வெட்ட விடியுமுன்பே மலை ஏறும் தாயும் தகப்பனும் கடன் வாங்கி டியூசன் காசு கட்டுகிறார்கள். போர்டிங் காசைக் கட்ட முடியாமல் பதினொன்றோடு நிறுத்தியவரை அக்கறையற்றவர் என்பது கணக்குத் தெரியாதவரின் பேச்சு. 1947இல் தொடங்கி இப்போது இந்திய உயர்ஸ்தானிகராலயம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் புலமைப்பரிசிலுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதுவும் உயர்தர வகுப்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ வந்து சேர்ந்தவருக்குத்தான். வழியில் நின்றவரை அது தொடாது.

பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சபரகமுவத் தோட்டங்களில் பலர் அப்படிச் சேர்த்துமிருக்கிறார்கள். அந்தத் தெரிவை யாரும் பழிக்க வேண்டியதில்லை. சிங்களம் தெரிவது இந்த மாவட்டத்தில் பெரிய பலம். ஆனால் வேறு வழியில்லாமல் செய்வதைத் தெரிவு என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒருவரும் வாசிக்காத மொழியில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு வீட்டு உதவி அறுந்துபோகிறது, பாடசாலைக் கூட்டத்தில் தாய் வாய் திறப்பதில்லை. அரசியலமைப்பு கொடுத்த உரிமையைக் கைவிடுவதுதான் முன்னேற்றத்துக்கு விலை என்றால், அந்த விலையைக் கேட்பது யார் என்று பார்க்க வேண்டும். அருகிலுள்ள கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை; அவர்களுக்கும் நல்ல ஆசிரியர் குறைவு. இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றேதான், அதன் பெயர் ஊக்க உரை அல்ல.

செமினார்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஏற்கனவே உயர்தர வகுப்பில் இருந்து வெட்டுப்புள்ளியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு நல்ல ஆசிரியரின் ஒரு நாள் பயன்படலாம். ஆனால் சமூகம் திரட்டும் பணமும் சங்கங்களின் செல்வாக்கும் பட்டதாரிகளின் நேரமும் அதிலேயே தீர்ந்துபோவது கூடாது. தெஹியோவிட்ட வலயத்தில் விடுதியோடு கூடிய ஒரு தமிழ் மொழி விஞ்ஞானப் பிரிவு, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, தெரணியகல மூன்று பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கக்கூடியதாக ஒன்றே ஒன்று, பத்து வருடச் செமினார்கள் செய்யாததைச் செய்யும். சிதறிய தோட்டங்களுக்குப் பாடசாலைதோறும் ஆய்வுகூடம் கட்ட முடியாது என்று அதிகாரிகள் சொல்வது சரிதான். விடுதி கேட்பதே அதனால்தான். ஆசிரியருக்குத் தங்குமிடம் கொடுக்காமல் கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனக் கடிதம் மட்டும் கொடுத்தால் அடுத்த வருடமே அவர் இடமாற்றம் வாங்கிப் போய்விடுவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இவற்றைக் கேட்க முதலில் கணக்கு வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அடுத்த செமினாருக்குப் பதாகை அடிக்கும் சங்கம், அதற்கு முன் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும்: இந்த வலயத்தின் தமிழ் மொழிப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, அதில் எத்தனை வெற்றிடம், எத்தனை வருடமாக, கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழில் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர். பதிலை எடுத்துக்கொண்டு மாகாணக் கல்வி அமைச்சுக்குப் போகட்டும். மாணவர்களைக் கூட்டிய அதே மண்டபத்தில் ஒரு தடவை அதிகாரிகளை உட்கார வைத்து, மாதிரி வினாத்தாளுக்குப் பதிலாக இந்தக் கேள்விகளை அவர்கள் கையில் கொடுக்கட்டும்.