மீனுக்கு எதற்கு முக்காடு?

கிருஷ்ணகிரி அணைக்குப் போய் வறுத்த மீன் தின்றுவிட்டு வருகிறவர்கள் மிளகாயின் காரத்தைத்தான் புகழ்கிறார்கள்; மீனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு இது பொறுக்கவில்லை.

அரைக் கிலோ ஜிலேபி மீன் ஒன்றைச் செதில் நீக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவி, வாழையிலையில் பொதிந்து, ஓவனில் 200 டிகிரிச் சூட்டில் 25 நிமிஷம் வையுங்கள். வெள்ளைச் சதை முள்ளை விட்டுத் தானே கழன்று வரும். வேறு ஒரு மண்ணும் வேண்டாம்.

"சேற்று வாடை அடிக்குமே, ஸார்!" என்கிறார்கள்.

அடிக்கட்டுமே! அந்த வாடை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியின் உபயம். பாசிக்குத் தீனி சாக்கடை. பெங்களூர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளியில் பலமுறை நுரைத்துப் பொங்கிய தென்பெண்ணைதானே, 1957-இல் திறந்த இந்த அணைக்கும் வருகிறது? மிளகாய்ச் சாந்தை அப்பிச் சாட்சியின் வாயை அடைத்துவிட்டு, "பிரமாதம்!" என்கிறோம். இன்னும் சிலர் கெட்டிக்காரர்கள். அணை மீனே வேண்டாமென்று, உறைபனியில் கிடந்த பாஸாத் துண்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆறு எக்கேடு கெட்டால் அவர்களுக்கென்ன?

பொதியைப் பிரித்ததும் வாடை வந்தால் சமைத்தவரைக் கோபிக்காதீர்கள். பெங்களூருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று சர்க்காருக்கு இரண்டு கார்டு எழுதிப் போடுங்கள்.