சம்பளத்தோடு வரும் உரிமை, சம்பளத்தோடு போய்விடும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு கொமண்ட் போட வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உயர்தரப் பெறுபேறுகள் வெளியானால் உம்மாமார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், மகளை ஐடி படிக்கப் போடலாமா?" தாராளமாகப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். நல்ல தொழில். திறமை இருந்தால் சம்பளம் உண்டு. சில வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் இரண்டாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அந்த வேலையில் இருக்கும்போது என் மகள் கர்ப்பமானால் அவளுக்கு என்ன பாதுகாப்பு? அந்தக் கர்ப்பத்தில் பெரிய சிக்கல் ஒன்று வந்தால் நாட்டின் சட்டம் அவளை எப்படி நடத்தும்?

தொழில், பேறுகாலம், கருக்கலைப்புச் சட்டம் என்று மூன்றையும் நாம் தனித்தனியாகப் பேசிப் பழகிவிட்டோம். முதலாவதைத் தொழிற்சங்கக்காரர் பேசுவார், இரண்டாவதை மிட்வைஃப் மிஸ் பேசுவார், மூன்றாவதை யாரும் பேசமாட்டார்கள். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மூன்றும் ஒரே நாளில் ஒரே வாசலால் வந்து நிற்கும்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். தொழில்நுட்பக் கம்பனிகள் நல்லவை, அவை தம் பெண் ஊழியர்களைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் காட்டும் உதாரணம் அங்கேதான் இருக்கிறது.

2022 ஜூன் 24ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் டொப்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பு இல்லாமல் போனது. கருக்கலைப்பை அனுமதிப்பதா தடுப்பதா என்பது ஒவ்வொரு மாநிலத்தின் கைக்கும் போனது. பெரிய கம்பனிகள் பல, வேறு மாநிலம் சென்று சிகிச்சை பெறும் ஊழியருக்குப் பயணச் செலவு தருவதாக அறிவித்தன. அமேசன் அந்தத் தீர்ப்புக்கு முன்பே ஆண்டுக்கு 4,000 டொலர் வரை தருவதாகச் சொல்லியிருந்தது. கூகுள், விரும்பியவர்கள் வேறு மாநிலத்துக்கு இடம் மாற விண்ணப்பிக்கலாம் என்றது. உலகமே கைதட்டியது.

யார் அந்தப் பட்டியலில் இல்லை என்று பார்த்தவர்கள் குறைவு. அமேசன் பெயர் போட்ட வேனில் பொதி கொண்டுவரும் சாரதிகளில் மிகப் பலர் அமேசனின் ஊழியர்கள் அல்லர். இடையில் இருக்கும் சிறு கம்பனியின் ஊழியர்கள். கூகுளிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். 2022 ஓகஸ்டில் அந்தக் கம்பனியின் 650க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு மனு அனுப்பினார்கள். நிரந்தர ஊழியருக்குத் தரும் இந்த வசதியை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் தாருங்கள் என்பது அதில் ஒரு கோரிக்கை. ஒரே கட்டிடம், ஒரே வேலை, கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் மட்டும் வேறு. அந்த நிறத்தை வைத்து ஒருத்திக்குப் பயணச்சீட்டு, மற்றவளுக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 2022இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு தாயும் மகளும் பேஸ்புக்கில் பரிமாறிய தனிப்பட்ட செய்திகளைப் பொலிசார் நீதிமன்ற உத்தரவோடு கேட்டார்கள். மெட்டா கம்பனி கொடுத்தது. அந்த உத்தரவில் கருக்கலைப்பு என்ற சொல்லே இருக்கவில்லை என்று பிறகு விளக்கமும் கொடுத்தது. அடுத்த ஆண்டு தாய்க்கு இரண்டு வருடச் சிறை, மகளுக்கு 90 நாள். அது கர்ப்பத்தின் பிந்திய மாதங்களில் நடந்த விடயம். அந்தச் செயலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சொல்ல வருவது வேறு. சட்டம் கதவைத் தட்டினால் கம்பனி உங்கள் பக்கம் நிற்காது. நிற்கவும் முடியாது. சட்டம் சரியாக இல்லாத இடத்தில் கம்பனியின் கருணையை நம்பி வாழ முடியாது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்வது தவிர எந்தக் கருக்கலைப்பும் குற்றம். மூன்று வருடம் வரை சிறை. சிசு வயிற்றில் அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதே பிரிவுக்குள் வருவாள். வன்புணர்வுக்கு ஆளான பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் விலக்கு இல்லை. பிறந்தால் சில மணி நேரம்கூடத் தாங்காது என்று வைத்தியர் சொன்ன சிசுவைச் சுமப்பவளுக்கும் விலக்கு இல்லை.

இதை எழுதியது யார்? விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலேயர். இந்தியாவுக்கு 1860இல் எழுதியதைப் பார்த்து நமக்கும் எழுதினார்கள். பிரித்தானியா 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. இந்தியா 1971இல் புதுச் சட்டம் கொண்டுவந்து, 2021இல் அதையும் திருத்தியது. நாம் மட்டும் துரை விட்டுப்போன கோட்டைக் கழற்றாமல் நிற்கிறோம். 1995இல் திருத்த முயன்றார்கள், எதிர்ப்பு வந்ததும் அந்தப் பகுதியைச் சட்டமூலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2017இல் நீதியரசர் அலுவிஹாரே தலைமையிலான குழு வன்புணர்வு, காப்பாற்ற முடியாத சிசுக் குறைபாடு ஆகிய இரண்டு நிலைமைகளுக்கு மட்டும் அனுமதி கேட்டது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், வேறு தரப்பினரும் எதிர்த்தார்கள். அதுவும் கிடப்பில் போனது.

"டீச்சர், இது ஸினாவுக்கு வாசல் திறக்கிற பேச்சு" என்று சிலர் இப்போதே நினைத்திருப்பீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். இலங்கையில் நடந்த ஆய்வுகள் காட்டுவது, கருக்கலைப்பை நாடியவர்களில் மிகப் பெரும்பாலானோர் திருமணமான பெண்கள், ஏற்கனவே பிள்ளை பெற்றவர்கள் என்பதைத்தான். ஒரு நாளைக்கு 600க்கும் மேல் நடப்பதாக ஒரு மதிப்பீடு நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. சிறை என்று எழுதிவைத்தும் இந்த நிலைமை. அப்படியானால் அந்தச் சட்டம் யாரைத் தடுக்கிறது? வசதியுள்ளவள் விமானம் ஏறுவாள், அல்லது காசு கொடுத்து இரகசியமாகப் பாதுகாப்பான இடம் தேடுவாள். கட்டுநாயக்க போர்டிங் அறையில் நான்கு பேரோடு தங்கி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள் எங்கே போவாள்? எவனோ விற்கும் மாத்திரையை விழுங்குவாள். இரத்தம் நிற்காவிட்டாலும் பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் பிந்திப் போவாள். உண்மையில் அந்த நிலையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறுவதைச் சட்டம் தடுக்கவில்லை. தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிவையுங்கள், ஓர் உயிராவது காப்பாற்றப்படும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? நான் ஆலிமா அல்ல. படித்ததைச் சொல்கிறேன், பிழையிருந்தால் உலமாக்கள் திருத்தட்டும். கருவில் ரூஹ் ஊதப்படுவது 120 நாட்களில் என்பது இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலிருந்து பெரும்பாலான இமாம்கள் எடுத்த விளக்கம். அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே. அதற்கு முன்பு என்ன என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆரம்பத்திலிருந்தே குற்றம் என்றார்கள், ஆனால் கரு வளர வளரக் குற்றத்தின் கனமும் கூடுகிறது என்றார்கள். மக்காவில் இயங்கும் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை 1990இல் ஒரு முடிவெடுத்தது. சிசுவுக்குச் சிகிச்சையால் தீராத கடும் குறைபாடு என்று நம்பகமான நிபுணர் குழு உறுதிசெய்து, பெற்றோரும் கேட்டால், 120 நாட்களுக்கு முன் அனுமதிக்கலாம் என்று. வன்புணர்வால் கருவுற்றவளுக்கும் அந்த எல்லைக்குள் அனுமதி சொன்ன தற்கால அறிஞர்கள் பலர்.

ஆக, 303ஆம் பிரிவைப் பாதுகாக்க நம்மவர்கள் மார்க்கத்தைத் தூக்கிப்பிடிக்கும்போது, மார்க்கம் திறந்துவைத்த கதவைப் பூட்ட ஆங்கிலேயனின் பூட்டைக் கடன் வாங்குகிறார்கள். கருவின் உயிர் அமானிதம் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. வறுமைக்குப் பயந்து பிள்ளையைக் கொல்லாதே என்ற கட்டளையும் தெரியும். அந்தக் கட்டளையைப் பெண்ணுக்கு ஓதிக்காட்டுகிறவர்கள், அவளை அந்த வறுமைக்குள் தள்ளுகிறவனுக்கும் ஓதிக்காட்ட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இங்கேதான் தொழில் வருகிறது. நான் அரச பாடசாலை ஆசிரியை. எனக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு பிரசவ லீவு. தேவையென்றால் இன்னும் 84 நாள் அரைச் சம்பளத்தில், அதற்குப் பிறகு 84 நாள் சம்பளமில்லாமல். தனியார் துறையில் 84 நாள், அவ்வளவுதான். 2018 வரை மூன்றாவது பிள்ளையிலிருந்து அதுவும் பாதியாக, 42 நாளாக இருந்தது. இப்போது எல்லாப் பிள்ளைக்கும் 84. நல்ல திருத்தம். ஆனால் அந்தச் சம்பளத்தை முழுவதும் கொடுக்க வேண்டியவர் முதலாளி. இதனால் என்ன நடக்கிறது? நேர்முகப் பரீட்சையில் "கல்யாணம் எப்போது? பிள்ளை எப்போது?" என்று கேட்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலையிலும் கேட்கிறார்கள், கண்ணாடிக் கட்டிடத்து மென்பொருள் கம்பனியிலும் கேட்கிறார்கள். இத்தனைக்கும், மகப்பேற்று நன்மையின் செலவைத் தனி முதலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று சொல்லும் 103ஆம் இலக்க சர்வதேசத் தொழில் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலைநீக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. ஆனால் வேலைநீக்கத்துக்கு எதிரான 1971ஆம் ஆண்டுச் சட்டம் 180 நாள் சேவை முடியாதவருக்கும், 15 பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் இடத்துக்கும் பொருந்தாது. நம் பிள்ளைகள் பலர் முதல் வேலையாகச் சேர்வது இப்படிச் சின்ன ஐடி இடங்களில்தான். இன்னும் சிலரை "ஆலோசகர்" என்று கடதாசியில் எழுதி எடுக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதி இல்லை, பிரசவ லீவு இல்லை, ஒரு மின்னஞ்சலில் வேலை முடிந்துவிடும். மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தி இந்த நிலையில் என்ன யோசிப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் பாருங்கள். 120 நாள் என்பது, வைத்தியர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் கணக்கில் ஏறக்குறைய 19 வாரம். சிசுவின் குறைபாடுகளைப் பார்க்கும் ஸ்கேன் வழமையாக 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கப்படுகிறது. எவ்வளவு நெருக்கமான காலம் பாருங்கள். ஒரு வாரம் பிந்தினால் மார்க்கம் தந்த சலுகையும் முடிந்துவிடும். கிளினிக் போக அரைநாள் லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு வெட்டப்படும் பெண் அந்த ஸ்கேனுக்கு நேரத்துக்குப் போவாளா? கிளினிக் லீவு என்ற சின்ன விடயத்தில் பத்வாவும் தொழிற்சட்டமும் ஒன்றாகச் சந்திக்கின்றன.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்போம்.

ஒன்று, 2017இல் சொன்ன அந்த இரண்டு நிலைமைகளையாவது, கால எல்லையோடும் நிபுணர் குழுவின் உறுதியோடும் சட்டமாக்குங்கள். பெண்ணையே சிறையில் போடும் வரியை நீக்குங்கள்.

இரண்டு, பிரசவ காலச் சம்பளத்தை எல்லா முதலாளிகளும் அரசும் சேர்ந்து போடும் பொது நிதியிலிருந்து கொடுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கும், வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்பவளுக்கும் அதில் இடம் வேண்டும். கிளினிக் நாளுக்குச் சம்பளமும் கொடுப்பனவும் வெட்டக் கூடாது.

மூன்று, இது நமக்குள். உலமாக்களும் வைத்தியர்களும் சேர்ந்து உட்கார்ந்து, இந்த விடயத்தில் தெளிவான தமிழில் ஒரு வழிகாட்டல் தாருங்கள். இருபதாவது வாரத்தில் ஸ்கேன் முடிவோடு ஒரு தம்பதி மஹல்லாவில் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாமல் அழக் கூடாது.

கம்பனி நல்லதாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கம்பனி தருவதைக் கம்பனி எடுக்கும். வேலை போனால் அதுவும் போகும். உரிமை என்பது வேலை இல்லாதவளுக்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கண்ணியம் பேணுங்கள், என் மாணவிகளும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.