துரை வீட்டு முன்படி



பள்ளி விடுமுறையில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போயிருந்தேன். தங்கை வீட்டில் நான்கு நாள். அம்மாவும் உடன் வந்திருந்தார். தேக்காவில் சேலை எடுப்பது, சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் கும்பிடுவது, இவைதான் அம்மாவின் திட்டம். என் ஆசை வேறு. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன 'கறுப்பு வெள்ளை' வீடுகளில் ஒன்றையாவது கிட்டே நின்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை எங்களைக் கேலப் ரோட்டுக்கு அழைத்துப் போனார். தாவரத் தோட்டத்தோடு சேர்ந்த அந்தப் பகுதியை 2021இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மேட்டின்மேல் நிற்கிறது 'அட்பாரா' என்னும் வீடு. 1898இல் கட்டியது. வரைபடம் போட்டவர் பிட்வெல். கோலாலம்பூர் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் கை வைத்தவர்களுள் ஒருவர். ராஃபிள்ஸ் ஓட்டலின் பெரிய கட்டடமும் அவர் வரைந்ததே.

வெள்ளைச் சுவர், கறுப்பு மரம், அகன்ற தாழ்வாரம். பார்த்ததும் அம்மா சொன்னார்: "இது துரை வீடுல்ல!"

ஆம். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தக் கறுப்பு வெள்ளைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி!

இங்கிலாந்தில் சில நூறு ஆண்டுகளுக்கு முன் குடியானவர் வீடுகளில் பலவற்றை ஓக் மரச் சட்டத்தால் எழுப்பினார்கள். நம் ஊரில் சுவர்தான் கூரையைத் தாங்கும் என்று நினைப்போம். அங்கே அப்படியல்ல. தூணும் உத்தரமும் சாய்வுக் கட்டையும்தான் எலும்பு. சுவர் வெறும் தோல். மரத்தைக் காய வைக்காமல் பச்சையாகவே அறுத்துச் செதுக்குவார்கள். பச்சை மரம் உளிக்கு இளகிக் கொடுக்கும். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு; இரண்டையும் பொருத்தி, குறுக்கே மர முளை அடித்துவிட்டால் இரும்பு ஆணிக்கு அவ்வளவாக வேலையில்லை. மரம் காயக் காயப் பூட்டு இறுகும். சட்டத்தைத் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு உளியால் எண் கீறி, பிரித்து எடுத்துப் போய் இடத்தில் நிறுத்துவார்கள். அந்தக் கீறல்களைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம்.

சட்டங்களுக்கு இடையே என்ன அடைத்தார்கள் தெரியுமா? குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் மாட்டுச் சாணமும் பிசைந்து அப்பினார்கள். நம் பாட்டன் ஊரில் வரிச்சுக் கட்டி மண் அப்பிய குடிசை என்ன குறைச்சல்! அதன் மேல் சுண்ணாம்பு பூசினார்கள். மரத்துக்குப் பளிச்சென்று கறுப்புப் பூசுவது பெரும்பாலும் பிற்காலத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு மோகம்.

அந்த மோகம்தான் கப்பலேறி இங்கே வந்தது. வெயிலும் மழையும் புதிது என்பதால் வீட்டைத் தூணின் மேல் தூக்கினார்கள். அது மலாய்க்காரர் வீட்டுப் பாடம். தாழ்வாரத்தை அகலப்படுத்தி மூங்கில் தட்டி தொங்கவிட்டார்கள். பங்களா என்ற பெயரோ வங்காளக் குடிசையிலிருந்து வந்தது. ஆக, 'இங்கிலீஷ் வீடு' என்று நாம் நிமிர்ந்து பார்த்ததில் இங்கிலீஷ் பங்கு பாதிதான். கறுப்பு மரமும்கூட எல்லா வீட்டிலும் பாரம் தாங்குவதில்லை. சிலவற்றில் அது நெற்றிப் பொட்டு மாதிரி, அழகுக்கு!

இந்த வகைக்கெல்லாம் மூத்தது அதே தாவரத் தோட்டத்தில், ஆர்க்கிட் பூந்தோட்டத்துக்குள் இருக்கும் பர்கில் மண்டபம். 1868 வாக்கில் எழுந்தது. தோட்டத்தின் தலைவர்கள் குடியிருந்த வீடு. அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1877இல் 22 ரப்பர் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து இறங்கியது இந்தத் தாவரத் தோட்டத்துக்குத்தான். 1888இல் தலைவராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் மீன் முள் மாதிரி பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பார்ப்பவரிடமெல்லாம் ரப்பர் நடச் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர். அந்தப் பைத்தியம் பலித்ததால்தான் நம் பாட்டனும் பாட்டியும் கப்பல் ஏறினார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அந்த மகராசன் கொஞ்சம் தாமதமா எந்திரிச்சு வேலை செய்யற மாதிரி ஒரு மரத்தைக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார். முப்பத்திரண்டு வருஷம் விடியுமுன் பால் வெட்டியவர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

சரி, உள்ளே போகலாம் என்று திரும்பினால் அம்மாவைக் காணோம். தேடிப் போனேன். வீட்டின் பின்பக்கம் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். "படி எங்கடா தம்பி?" என்றார். முன்னால் இருக்கிறது என்றேன். "அது துரைக்கு. நம்ம போற படி எங்க?"

எங்கள் பாட்டி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். சமையற்கட்டும் வேலைக்காரர் அறைகளும் தனியே பின்னால் இருக்கும். அங்கிருந்து ஏறத் தனிப் படி. சிறுமியாக அம்மா ஏறியது அந்தப் படிதான். கையைப் பிடித்து முன்பக்கம் அழைத்து வந்தேன். கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினார். வேண்டாம் என்று காவலாளிப் பையன் சொல்லியும் கேட்கவில்லை.

திரும்பும்போது எனக்கு ஒரு வருத்தம். துரையின் வீட்டுக்கு மரம் மரமாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாம் பிறந்த பலகை லயம் எங்கே? அதுவும் தூண் மேல் நின்ற மர வீடுதானே! எங்கள் தோட்டத்து லயத்தைப் பிரித்தபோது பலகையை லாரியில் ஏற்றிப் போனார்கள். ஒரு புகைப்படம் எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான். சிங்கப்பூரில் நாராயண பிள்ளை 1827இல் மரமும் அத்தாப்பும் வைத்துக் கட்டிய மாரியம்மன் கோயிலாவது 1843இல் கல் கட்டடமாகி அதே இடத்தில் நிற்கிறது. நம் லயம் இருந்த இடத்தில் செம்பனை.

அன்றிரவு தேக்காவில் சேலை வாங்கிய பில்லின் பின்புறத்தில் அம்மா சொல்லச் சொல்ல லயத்தை வரைந்தேன். பன்னிரண்டு கதவு. முன்னால் நீளத் தாழ்வாரம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு கால். எந்தக் கதவு யாருடையது என்று அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். தண்ணீர்க் குழாய் கிழக்கு மூலையிலா, மேற்கு மூலையிலா என்பதில் மட்டும் அம்மாவுக்கும் தங்கைக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை.